ஓடைத் தெருவுக்கு வந்த நோட்டீஸ்

எங்கள் ஊர் நகர பஞ்சாயத்து என்ன சொன்னாலும் அது என் குரலில்தான் தமிழ் வீடுகளுக்குப் போய்ச் சேரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

நான் வார்டு சச்சிவாலயத்தில், தமிழில் சொன்னால் வார்டுச் செயலகத்தில், வேலை செய்கிறவள். பேரைக் கேட்டுப் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய மாட்டாஸ்பத்திரிக் கட்டடம், நான்கு மேசை, ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டரில் வாரத்தில் பாதி நாள் மை இருக்காது. எல்லைக்குத் தெலுங்குப் பக்கம் இருக்கிற ஊர் என்பதால், மேலிருந்து வரும் அறிவிப்பெல்லாம் தெலுங்கில் வரும். எங்கள் வார்டில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிற குடும்பங்கள். பேச்சுத் தெலுங்கு எல்லோருக்கும் தெரியும். சந்தையில் பேரம் பேசுவதும் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுவதும் அதில்தான். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களில் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. படிக்கத் தெரிந்த பிள்ளைகளோ காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். நான் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவள். பஞ்சாயத்துக் கமிஷனர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மீரே தமிழ்லோ செப்பேயண்டி அம்மா," நீங்களே தமிழில் சொல்லிவிடுங்கள், என்றார். அன்றிலிருந்து வார்டு வாட்ஸப் குழுவில் தெலுங்கு அறிக்கைக்குக் கீழே என் தமிழ்க் குரல் போகத் தொடங்கியது.

"நாளைக்கு டேங்க் கழுவறாங்க, தண்ணி வராது. இன்னிக்கே புடிச்சி வெச்சிக்கோங்க." "புதன்கிழம நாய்ங்களுக்கு ஊசி போட வராங்க. வளக்கறவங்க கட்டி வெச்சிருங்க." "கொசு மருந்து அடிக்க வரும்போது கதவத் திறந்து வுடுங்க, சும்மா திட்டாதீங்க." இதுதான் என் சேவை. பதிலுக்குப் பத்துப் பேர் கும்பிடும் கை அனுப்புவார்கள். ஒருவர் ஏழுமலையான் படம் போடுவார். எந்த அறிவிப்பு வந்தாலும் "எங்க தெருவுல லைட்டு எரியல" என்று மட்டும் எழுதுகிற ஆசாமி ஒருவரும் உண்டு. அவர் தெருவில் விளக்கு இன்றுவரை எரியவில்லை. சந்தையில் நான் தக்காளி விலை கேட்டால், முகம் தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்து, "வாட்ஸப்புல பேசற அம்மா நீதான?" என்பார்கள். எனக்குக் கழுத்து கொஞ்சம் நீளும்.

ஆரம்பத்தில் அறிக்கை முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர்தான் முதலில் முகத்துக்கு நேராகச் சொன்னார். "ஒரு நிமிஷத்துக்கு மேல பேசினா யாரும் கேக்கறதில்லம்மா. நடுவுலயே வுட்டுட்டு அடுத்ததுக்குப் பூடறாங்க." அவர் சொன்னது நிஜம். அதற்குப் பிறகு சுருக்கத் தொடங்கினேன். சட்ட எண்ணை விட்டேன், பிரிவை விட்டேன், 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்பதையெல்லாம் விட்டேன். சுருக்கச் சுருக்க நல்ல பெயர் வந்தது. "நீ சொன்னாத்தான் புரியுது" என்றார்கள். எதை விடலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம் என் கைக்கு வந்துவிட்டதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

எங்கள் வார்டின் கோடியில் ஓடைத் தெரு இருக்கிறது. பதினோரு வீடுகள், எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் தாத்தாக்களுக்கு ஒரு சாண் நிலம்கூட இருந்ததில்லை. குடிசை போட்டிருந்த இடமும் பண்ணைக்காரருடையது. அவர் போ என்றால் போக வேண்டும். என்றைக்கோ ஒரு காலத்தில் சர்க்கார் வந்து, ஓடைக்கரையில் ஆளுக்கொரு வீட்டுமனை அளந்து, கையில் பட்டா கொடுத்தது. ஒரு காகிதம் வந்த நாளிலிருந்துதான் அவர்களை யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாமல் போனது. அதனால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் எது வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் அது டிரங்குப் பெட்டிக்குள் பட்டாவோடு போய்ச் சேரும். ரேஷன் கார்டுக்கும் அதே மரியாதைதான், வீட்டு வரி நோட்டீஸுக்கும் அதே மரியாதைதான். வரி நோட்டீஸுக்குக் குங்குமம் வைத்ததை முதன்முதலில் பார்த்தபோது ஆபீசுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தேனே தவிர, அந்த வழக்கத்துக்கு எண்ணெய் ஊற்றியதும் நான்தான். யாருக்கு எந்தக் காகிதம் கொடுத்தாலும், "பத்திரமா வெச்சிக்கோங்க" என்று சொல்லித்தான் கொடுப்பேன். அது வாயில் ஊறிப்போன வார்த்தை.

அந்தத் தெருவின் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மாம்பழ சீசனில் கூழ் ஃபாக்டரியில் பழம் அறுக்கப் போவாள். மற்ற நாட்களில் களை எடுப்பு, கடலைக்காய் பிடுங்கல், எது கிடைத்தாலும் போவாள். புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகளை வரதய்யபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மாமியார் காலத்துக் குடிசையை முதலில் ஷீட் போட்ட வீடாக மாற்றினாள். பிறகு சுவர் எழுப்பினாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் தளம் போட்டாள். தளம் போட்ட அன்று தெருவுக்கே பாயசம் ஊற்றினாள். பட்டா மாமியார் பேரில் வந்து, பிறகு வாரிசு என்று அவள் பேருக்கு மாறியிருந்தது. முறையான பட்டா. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு பலர் பலவிதமாகப் பேசினார்கள்.

ஒரு வருஷம் மழை விடாமல் கொட்டி, ஓடைத் தண்ணீர் கடைத்தெருவுக்குள் புகுந்தது. கடைக்காரர்கள் கமிஷனர் அறைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். ஓடையை அகலப்படுத்துவது என்று முடிவானது. பதினோரு வீட்டுக்கும் நோட்டீஸ் தயாரானது. மூன்று பக்கம். கோர்ட்டுத் தெலுங்கு. முதல் இரண்டு பக்கமும் சட்டப் பிரிவுகள். மூன்றாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. பட்டா உள்ளவர்கள் நோட்டீஸ் வாங்கிய பதினைந்து நாளுக்குள் பட்டா நகலோடு எழுத்து மூலம் ஆட்சேபணை தர வேண்டும். தராவிட்டால் ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று கருதி அகற்றப்படும்.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்ததற்குச் சாட்சியாக ஒவ்வொருவரையும் நோட்டீஸைப் பிடித்தபடி ஆபீஸ் டேப்லெட்டில் படம் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கடைசி வீட்டு அக்கா அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா காயிதம் பாப்பா?"

"ஓடைய அளக்கறாங்கக்கா. அதுக்கு நோட்டீஸ்."

"எங்களுக்கு எதுனா வருமா, போவுமா?"

"ஒண்ணுமில்லக்கா. பத்திரமா வெச்சிக்கோங்க."

"பட்டாவோட வெச்சிடவா?"

"அதோடவே வெச்சிருங்க. கொஞ்சம் நிமிந்து நில்லுங்க. சிரிங்க."

அவள் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏதோ போட்டியில் பரிசு வாங்கியவள் மாதிரி இருந்தது அந்தப் படம்.

அந்த நேரத்தில் நான் மூன்றாம் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. அதை யாரும் மன்னிக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் படித்தேன். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. பையோடு வீட்டுக்கு வந்துவிட்ட ஆபீஸ் நகலை எடுத்துப் புரட்டியபோது பதினைந்து நாள் என்ற வரி கண்ணில் பட்டது. காலையில் முதல் வேலையாகத் தெருவுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். காலையில் பென்ஷன் பட்டியல் வந்தது. அதற்கு மறுநாள் சர்வர் நின்றது. அப்புறம் வரி வசூல் வாரம். என் சின்னவளுக்குக் காய்ச்சல். இதெல்லாம் காரணமா என்று கேட்டால், இல்லை. ஓடைத் தெரு எங்கள் ஆபீஸிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம்.

வாட்ஸப்பில் ஒரு குரல் அனுப்பினேன். "ஓடை சர்வே நோட்டீஸ் குடுத்திருக்கோம். வாங்காதவங்க ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோங்க. சந்தேகம் இருந்தா வந்து கேளுங்க." அவ்வளவுதான். பதினைந்து நாள் என்று சொல்லவில்லை. இடிப்பார்கள் என்று சொல்லவில்லை. நேரம் போதாமல் விட்டதல்ல அது. சொன்னால் மறுநாள் காலையில் தெருவே ஆபீசுக்கு வந்து நிற்கும், பீதி கிளப்பியது யார் என்று கமிஷனர் என்னைக் கேட்பார் என்று பயந்தேன். நேரில் ஒவ்வொரு வீடாகப் போய் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் மனசில்லை, கேட்கவும் தைரியமில்லை.

பதினாறாம் நாள் மேலே அனுப்ப ஒரு படிவம் வந்தது. எத்தனை நோட்டீஸ் கொடுக்கப்பட்டது, பதினொன்று. எத்தனை ஆட்சேபணை வந்தது, இல்லை. கடைசியில் ஒரு கட்டம்: நோட்டீஸின் சாராம்சம் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டதா? நான் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தினமும் இப்படி எத்தனையோ கட்டத்தில் ஆம் என்று எழுதுகிறோம்.

மற்ற பத்து வீட்டுக்காரர்களும் மனு கொடுக்கவில்லைதான். ஆனால் ஓடை அந்த வீடுகளுக்குப் பின்னால் விலகிப் போகிறது. கடைசி வீட்டருகேதான் திரும்புகிறது. அளந்து கல் நட்டபோது அக்காவின் வீடு மட்டும் முழுதாக உள்ளே வந்துவிட்டது.

ஜேசிபி வந்த அன்று காலை எட்டரை மணி. அக்கா களை எடுக்கக் கிளம்பி, தூக்குவாளியில் கூழோடு வாசலில் நின்றிருந்தாள். வண்டி தன் வீட்டுக்கு வந்ததென்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உள்ளே ஓடி, டிரங்குப் பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்து திறந்தாள். பாலிதீன் கவரிலிருந்து பட்டாவை எடுத்து டவுன் பிளானிங் அதிகாரியிடம் நீட்டினாள். அதோடு ஒட்டிக்கொண்டு எங்கள் நோட்டீஸும் வந்தது. மடிப்புக் கலையாமல், நான்கு மூலையிலும் மஞ்சளோடு, நடுவில் குங்குமத்தோடு இருந்தது.

"பட்டா கீது சார். கவர்மெண்ட்டு குடுத்த பட்டா சார். இது செல்லும் சார்." ஜேசிபியின் பல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி அவள் இதையே சொன்னாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நோட்டீஸ் இச்சாரா?" கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இச்சாமு சார்," என்றேன்.

டேப்லெட்டை வாங்கி, படத்தைத் தேடி எடுத்து அவளுக்கே காட்டினார். இது நீதானே என்றார். அவள் உற்றுப் பார்த்து, "நான்தான் சார்," என்றாள். நாள் கடந்துவிட்டது, ஃபைல் மூடியாகிவிட்டது, இனிமேல் பட்டாவைப் பார்க்க வேண்டியது என் வேலையில்லை, சாமான்களை எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் தருகிறேன் என்று அவர் சொன்னார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஒன்றே கால் மணி நேரம் கொடுத்தார்.

சாமான்களை நானும் தூக்கினேன். அரிசி டப்பா, மிக்ஸி, மகள் கல்யாணப் படம். கேஸ் சிலிண்டரை ஒருபக்கம் அக்கா பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் புடி பாப்பா, கால்ல போட்டுக்காத," என்றாள். அன்று அந்தத் தெருவில் எனக்காகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவள்தான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சுவர் விழ அதிக நேரமாகவில்லை. தளம்தான் நேரம் பிடித்தது. கம்பி நிறையப் போட்டுக் கட்டியிருந்தாள்.

மத்தியானம் மகள் வரதய்யபாளையத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அவள் பத்தாவது வரைக்கும் தெலுங்கில் படித்தவள். குங்குமம் வைத்த நோட்டீஸை அங்கேயே நின்று மூன்று பக்கமும் படித்தாள். படித்து முடித்து நேராக என்னிடம் வந்தாள்.

"பதினஞ்சு நாளுன்னு எங்கம்மாகிட்ட சொன்னியா நீ?"

"எல்லாம் சொல்லித்தான் குடுத்தோம்," என்றேன். ஜனங்கள் நடுவில் அதிகாரியும் நின்றிருந்தார்.

"காணிப்பாக்கத்துக்கு வா. கிணத்துல முழுவிட்டு, சாமி முன்னாடி நின்னுக்கினு அத சொல்லு. பஸ் சார்ஜ் நான் போடறேன். வரியா?"

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு பேச்சில்லை. காணிப்பாக்கத்து விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் ஜில்லாவில் யாருக்கும் துணிச்சல் வராது. பெரிய பெரிய களவாணிகளே பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "டூட்டியில இருக்கேன், அங்கல்லாம் வர முடியாது," என்றேன். தெருவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து என் குரலுக்குக் கும்பிடும் கை வருவது பாதியாகக் குறைந்தது.

அக்கா மட்டும் என்னிடம் எப்போதும்போலப் பேசினாள். சந்தைக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தாள். புதிதாக வீட்டுமனை கேட்டு மனு போடலாம் என்று நானே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் கையாலேயே படிவம் நிரப்பினேன், என் லாகினிலேயே ஏற்றினேன். இதாவது நடந்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்ற சுயநலம்தான். தினமும் காலையில் ஆபீசுக்குப் போனதும் அந்த மனுவின் நிலையைத்தான் முதலில் பார்ப்பேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவளை வரச் சொன்னேன். பகல் பன்னிரண்டு மணி, ஆபீஸில் மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு வரி விடாமல் படித்துத் தமிழில் சொன்னேன். எண், தேதி, பிரிவு, எல்லாவற்றையும். மனுதாரரின் குடும்பத்துக்கு அரசு ஏற்கனவே வீட்டுமனைப் பட்டா வழங்கியிருப்பதும், அந்தப் பட்டா இன்றளவும் மனுதாரர் பேரில் நடப்பில் இருப்பதும் பதிவேட்டில் தெரியவருவதால், மறுபடி மனை பெற அவருக்குத் தகுதியில்லை.

அக்கா காகிதத்தின் பக்கம் குனிந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா. பட்டா என் பேருல கீதுன்னா சொல்றாங்க?"

"ஆமாங்கா."

"அப்ப அது செல்லும்."

"செல்லும்கா. அதனாலதான் வேற மனை இல்லைங்கறாங்க."

"வூடு மட்டும் இல்ல."

அவள் அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் மேசை மேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, அந்தப் பதினஞ்சு நாளு விஷயத்த நான் உங்களுக்குச் சொல்லல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல," என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அழுததும் நான்தான்.

"நீ சொல்லலன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். குரலில் கோபமில்லை. "நான்தான எதுர்ல நின்னேன். பட்டாவோட வெச்சிருன்னு சொன்ன, வெச்சேன்."

"தப்பு பண்ணிட்டேன்கா."

"அத வுடு. என் பொண்ணு வக்கீல் ஒருத்தர பாத்துட்டு வந்தா. நோட்டீஸ்ல இன்னா எழுதியிருந்துச்சின்னு யாரும் எனக்கு எட்த்து சொல்லலன்னு ஒரு சாட்சி இருந்தா கேஸு போடலாமாம். நஷ்ட ஈடோ, வேற எடமோ, எதுனா கெடைக்குமாம். ஆனா உங்க ஆபீசுல சொன்னோம்னு எழுதிக்கீறாங்களாமே?"

"ஆமாங்கா. நான்தான் எழுதினேன்."

"அப்ப நீயே இன்னொண்ணு எழுதிக் குடு. இப்ப வாயால சொன்ன பாரு, அதயே. ஒரு காயிதத்துல. கையெழுத்துப் போட்டு."

மேசையில் பேனா இருந்தது. பிரிண்டரில் வெள்ளைத்தாள் இருந்தது. ஐந்து வரி போதும். எழுதினால் என் வேலை அன்றோடு போகும். பொய் அறிக்கை கொடுத்தேன் என்று கேஸும் வரும். இரண்டு பெண் பிள்ளைகள், சரியான வருமானமில்லாத புருஷன், எல்லோரும் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றார்கள். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது.

"நாளைக்கு எழுதித் தரேன்கா," என்றேன்.

"சரி பாப்பா. நாளைக்கு வேல இருக்குது, ஆறு மணிக்கு மேல வரேன்," என்று சொல்லி, எழுந்து போனாள்.

மறுநாள் நான் மூன்று மணிக்கே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் வந்திருக்கிறாள், எட்டு மணிவரை பூட்டிய ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்ததாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வாரத்தில் ஒருநாளாவது சந்தையில் எதிரெதிரே பார்த்துக்கொள்கிறோம். என் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கிறாள். காகிதத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.